ஷூ பெட்டியில் 14 ஸ்டார் வார்ஸ் பொம்மைகள்: அசலா, வெளுக்கலாமா, விலை என்ன?

நீங்கள் கேட்டது முக்கியமாக மூன்று கேள்விகள். சிகாகோவில் பெரியப்பா வீட்டைக் காலி செய்தபோது ஒரு ஷூ பெட்டி கிடைத்திருக்கிறது. அதில் விரல் நீளத்துக்கு 14 பொம்மைகள், பெரும்பாலும் ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படத்தின் கதாபாத்திரங்களைப் போலச் செய்த பழைய உருவப் பொம்மைகள், அதாவது ஃபிகர்கள். இவை அசலா? மஞ்சளாகிப்போன வெள்ளைக் கவசக்காரனை வெளுக்கலாமா? இணையத்தில் லட்சக்கணக்கில் போட்டிருக்கும் விலை உண்மையா? போகிற போக்கில், ‘வளர்ந்த மனிதர்கள் இதில் என்னதான் பார்க்கிறார்கள்’ என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. ஒரு ஃபிகரில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் மற்ற மூன்றில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

நான் கிண்டியில் சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்தவன். 24 வருடமாக அம்பத்தூரில் பிளாஸ்டிக் பொருள்களை வார்க்கும் அச்சு, அதாவது மோல்டு, செய்வதுதான் வேலை. இந்த ஃபிகர்களைச் சேர்க்க ஆரம்பித்து 17 வருடம் ஆகிறது. அதனால் பிளாஸ்டிக்கைப் பற்றியும் அச்சைப் பற்றியும் உறுதியாகப் பேசுவேன். விலை பற்றி எனக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரிகிற அளவுதான். அப்புறம், ஃபோட்டோவை மட்டும் பார்த்து ‘இது அசல்’ என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது, என்னாலும் முடியாது. ‘இது சந்தேகம்’ என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

முதலில் இவை எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். 1976இல் இந்தப் படத்துக்குப் பொம்மை செய்யும் உரிமையை அன்றைக்குப் பெரிய கம்பெனியாக இருந்த மெகோவிடம் கொண்டுபோனார்கள். அவர்கள் வேண்டாம் என்றார்கள். ஒஹையோ மாநிலம் சின்சினாட்டியில் இருந்த கென்னர் எடுத்துக்கொண்டது. படம் 1977 மே 25 அன்று வெளியானது. இப்படி ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு அனுப்ப கென்னர் கையில் பொம்மையே இல்லை. எஃகு அச்சு வெட்டி, சோதித்து, திருத்தி, உற்பத்திக்குக் கொண்டுவர எத்தனை மாதம் ஆகும் என்று எங்கள் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவசரப்படுத்தினாலும் அச்சு அதற்கான நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் கென்னர் அந்தக் கிறிஸ்துமஸுக்கு விற்றது பொம்மையே இல்லாத ஓர் அட்டை உறை. உள்ளே இருந்த சான்றிதழைத் தபாலில் அனுப்பினால், 1978இல் படத்தில் வரும் லூக், லியா, சூபாக்கா, ரோபோ ஆர்2-டி2 நான்கும் வீட்டுக்கு வரும். இன்னும் செய்யாத பொம்மைக்குக் குழந்தைகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த வருடம் கடைக்கு வந்த முதல் வரிசையில் 12 ஃபிகர்கள். உங்கள் பெட்டியில் இருப்பதில் எட்டு அந்த 12ஐச் சேர்ந்தவை.

அளவைக் கவனித்தீர்களா? மூன்றே முக்கால் அங்குலம், அதாவது ஒன்பதரை சென்டிமீட்டர். 1964இல் ஹாஸ்ப்ரோ கம்பெனி கொண்டுவந்த ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரன் பொம்மை 12 அங்குலம். ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயரே அதற்காக வந்ததுதான், பையன்கள் ‘டால்’ வைத்து விளையாட மாட்டார்கள் என்பதற்காக. அந்த அளவில் ஹான் சோலோவைச் செய்தால் அவன் ஓட்டும் விண்கலம் கூடத்தையே அடைத்துக்கொள்ளும். ஆளைச் சின்னதாக்கினால் கப்பலையும் செய்து விற்கலாம். காரணம் இதுதான், இதில் சந்தேகம் இல்லை. கென்னர் தலைவர் பெர்னி லூமிஸ் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டி ‘இந்த அளவு இருக்கட்டும்’ என்றார், அளந்து பார்த்தால் மூன்றே முக்கால் அங்குலம் வந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நான் அதைக் கதையாகத்தான் எடுத்துக்கொள்வேன். அந்த அளவில் வேறு கம்பெனிகளின் பொம்மைகள் ஏற்கெனவே கடையில் இருந்தன.

இப்போது கையில் எடுத்துப் பாருங்கள். ஸ்டார்ம்ட்ரூப்பரை, அதாவது அந்த மஞ்சள் ஆளை எடுங்கள். பக்கவாட்டில், அக்குளிலிருந்து இடுப்பு வரை மெல்லிய கோடு ஒன்று ஓடும். உடம்பு இரண்டு ஓடுகளாக வார்க்கப்பட்டது. கை, கால்களின் குமிழ்களை உள்ளே வைத்து, இரண்டு ஓடுகளையும் சேர்த்து அல்ட்ராசானிக் அதிர்வால் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே ஸ்குரூ கிடையாது. அதனால்தான் ஒரு கை தளர்ந்துவிட்டால் ஓட்டைப் பிளக்காமல் சரிசெய்ய முடியாது. பெரும்பாலான ஃபிகர்களுக்கு ஐந்து மூட்டுகள்: கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு. இவனுக்குத் தலை திரும்பாது. தலையும் உடம்பும் ஒரே வார்ப்பு. உடைந்துவிட்டது என்று நினைத்துத் திருகிவிடாதீர்கள், நிறைய பேர் அப்படித்தான் கழுத்தை முறிக்கிறார்கள். நெஞ்சுக் கவசத்தின் விளிம்பைப் பாருங்கள். அச்சு நேராகத் திறக்கும், குறுக்கே பள்ளம் இருந்தால் பொருள் வெளியே வராது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டே, நிழல் விழுவதற்கு எவ்வளவு ஆழம் வேண்டுமோ அவ்வளவு மட்டும் குடைந்திருக்கிறார்கள். நான் முதன்முதலில் ஒரு ஃபிகரை வாங்கியதே இதற்காகத்தான். படத்தை அதற்கு அப்புறம்தான் முழுசாகப் பார்த்தேன்.

அடுத்து லூக். வலது முன்னங்கையின் அடியில் ஒரு நீளப் பள்ளம் இருக்கும், அதற்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு குச்சி. சிறு பிடியைத் தள்ளினால் ஒளிவாள் உள்ளங்கை வழியாக வெளியே நீளும். படத்தில் அவன் முதல் வாள் நீலம், கென்னர் மஞ்சள் போட்டது. வில்லன் டார்த் வேடருக்குச் சிவப்பு. வாளின் நுனி கடைசியில் மயிரிழை போல மெலியும். 45 வருடத்துக்கு முன்னால் ஒரு குழந்தை விளையாடியது என்றால் அந்த நுனி பெரும்பாலும் ஒடிந்திருக்கும். முழு நுனி இருந்தால் அது அபூர்வம், இல்லையென்றால் பின்னால் மாற்றிய வாள். நீங்கள் அனுப்பிய ஃபோட்டோவில் நுனி சரியாகத் தெரியவில்லை. முதல் தயாரிப்பில் வாளுக்குள் இன்னொரு மெல்லிய வாள் இருந்து இரண்டு கட்டமாக நீளும்படி செய்திருந்தார்கள். அது சீக்கிரம் உடையும், செய்வதற்கும் சிக்கல், அதனால் நிறுத்திவிட்டார்கள். இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைவது அதைத்தான். அதற்குப் போலியும் உண்டு.

அசலா என்ற கேள்விக்கு வருவோம். பெட்டியில் இருக்கும் ஒவ்வொன்றின் காலையும் பின்புறமாகத் திருப்புங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் புடைத்த எழுத்து தெரியும். முதல் வரிசை ஃபிகர்களில் ‘ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977’ என்று இருக்க வேண்டும். அது ஜெனரல் மில்ஸ் ஃபன் குரூப்பின் சுருக்கம், கென்னர் அன்றைக்குக் காலை உணவுத் தானியம் விற்கிற ஜெனரல் மில்ஸுக்குச் சொந்தம். பின்னால் வந்தவற்றில் படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிமின் ‘எல்.எஃப்.எல்.’ இருக்கும். அந்த வருடம் காப்புரிமை வருடம், செய்த வருடம் அல்ல. 1977 என்று போட்ட ஃபிகர் 1982இலும் அச்சிலிருந்து வந்திருக்கலாம். கீழே ‘ஹாங்காங்’ என்று இருக்கலாம், வேறு ஊர் இருக்கலாம், ஊர்ப் பெயரே இல்லாமலும் இருக்கலாம். ஊர்ப் பெயர் இல்லையென்றால் போலி என்று சிலர் எழுதுகிறார்கள், அது தப்பு. அச்சை ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பழைய ஊரை எஃகில் அடைத்துவிடுவது எங்கள் தொழிலில் சாதாரணம். அந்த இடத்தில் லேசான தழும்பு தெரியும். அதேபோல ஹான் சோலோவுக்குச் சின்னத் தலை, பெரிய தலை என்று இரண்டு உண்டு, இரண்டும் அசல்தான். 1995 என்றோ அதற்குப் பிந்தைய வருடமோ காலில் இருந்தால் அது புதிய வரிசை. ஹாஸ்ப்ரோ 2019இல் பழைய தோற்றத்திலேயே மறுபடி ஒரு வரிசை போட்டது. பொம்மையை வைத்து விற்கும் அட்டையின் படத்தில்கூடத் தேய்ந்தது போல அச்சடித்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்து ஏமாற வேண்டாம்.

சாதாரண ஃபிகர்களின் உடம்பைப் போலியாகச் செய்வது அவ்வளவாக இல்லை, அச்சுச் செலவுக்குக் கட்டுப்படியாகாது. போலி குவிந்து கிடப்பது துப்பாக்கியிலும் அங்கியிலும். உங்கள் பெட்டியில் மூன்று துப்பாக்கிகள் இருக்கின்றன என்றீர்கள். ‘தண்ணீரில் போடுங்கள், அசல் மிதக்கும், போலி மூழ்கும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு காலத்தில் ஓரளவு சரியாக இருந்த வழிதான் அது. இப்போது மிதக்கிற போலிகளும் வந்துவிட்டன, அதனால் அந்தச் சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நான் நம்புவது துல்லியமாக அளக்கும் வெர்னியர் அளவுகோலையும் 10 மடங்கு லென்ஸையும்தான். உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் என்றால் அரை சதவீதம் போல, பாலிஎத்திலீன் என்றால் 2 சதவீதத்துக்கும் மேலேயே. அசல் துப்பாக்கியை மாதிரியாக வைத்து இன்னோர் அச்சு எடுத்தால், அதில் வார்ப்பது அசலைவிட அந்த அளவு சிறியதாக இருக்கும். விளிம்புகளும் சோப்புக்கட்டி தேய்ந்தது போல மழுங்கியிருக்கும். உங்களிடம் நிச்சயமாக அசல் என்று தெரிந்த ஒன்று இருந்தால்தான் இந்த ஒப்பீடு உதவும். நல்ல சேகரிப்பாளர் ஒருவரைத் தேடிப் போகச் சொல்வது அதனால்தான்.

ஜாவா என்ற குட்டை ஆளுக்குத் துணி அங்கி என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்படியானால் அது சாதாரண வகை. முதலில் வினைல், அதாவது மென்மையான பிளாஸ்டிக் அங்கி போட்டுத்தான் விற்றார்கள். அவ்வளவு சின்ன உருவத்துக்கு அது மலிவாகத் தெரிந்ததால் துணிக்கு மாற்றினார்கள். வினைல் ஜாவாவுக்குப் பெரிய விலை. ஓபி-வான் கெனோபி என்ற இன்னொரு ஃபிகரின் வினைல் அங்கியை வெட்டி ஜாவாவுக்கு மாட்டி விற்பது சேகரிப்பவர்கள் வட்டாரத்தில் பழைய மோசடி. யாராவது மலிவாகக் கொடுத்தால் ஒதுங்கிவிடுங்கள்.

மஞ்சளாவது பற்றி. வெள்ளை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு வெளிச்சத்திலும் காற்றிலும் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைகிறது. வெயில் படாமல் பெட்டிக்குள் இருந்தாலும் நடக்கும், மெதுவாக நடக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்பது உண்மை. அந்த வெண்மை நிலைக்குமா என்பதுதான் பிரச்சினை. நானே ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பரை மொட்டை மாடியில் மூன்று நாள் வைத்து வெளுத்தேன். பளபளவென்று வந்தது. இரண்டு கோடை கழித்து நெஞ்சு ஒரு நிறம், கால் ஒரு நிறம் என்று திட்டுத் திட்டாகத் திரும்ப மஞ்சளானது. முன்பு ஒரே சீரான தந்த நிறத்தில் இருந்ததை நானே கெடுத்துவிட்டேன் என்று இன்றும் வருத்தம் உண்டு. வெளுத்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெறுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, இதில் நான் பக்கம் சேர மாட்டேன். உங்களுக்கு என் ஆலோசனை, செய்யாதீர்கள். செய்தால் விற்கும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அழுக்குப் போக வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, பஞ்சு போன்ற பிரஷ் போதும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கத்திலேயே வரக்கூடாது. ஆர்2-டி2வை மட்டும் தண்ணீரில் போட வேண்டாம், அதன் உடம்பைச் சுற்றியிருப்பது காகித ஸ்டிக்கர். சி-3பிஓ ரோபோவின் தங்க நிறம் மெல்லிய பூச்சு, தேய்த்தால் போய்விடும். ஈரத்துணிகூட வேண்டாம், உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

வைக்கும் இடம் இதைவிட முக்கியம், ஏனென்றால் பெட்டி இப்போது சிகாகோ குளிரிலிருந்து மதுரை வெயிலுக்கு வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் ரப்பரும் பிளாஸ்டிக் ஸ்கேலும் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ஸ்கேலில் ரப்பர் வடிவத்துக்குப் பள்ளம் விழுந்திருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? ரப்பரை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் வெளியே கசிந்து ஸ்கேலைக் கரைத்ததுதான் அது. பழைய மென்மையான பிவிசி பாகங்களும் இதையே செய்யும். சில வருடத்தில் பிசுபிசுவென்று ஆகும், பக்கத்தில் இருப்பதில் ஒட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக பாலிஎத்திலீன் ஜிப் பையில் போடுங்கள், பிவிசி உறை வேண்டாம். கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. பரண் வேண்டவே வேண்டாம், மே மாதம் அங்கே கை வைக்க முடியாது. உள்ளறை அலமாரியின் கீழ்த்தட்டு நல்லது.

புதிதாக வரும் நுணுக்கமான ஃபிகர்களில் ஆரம்பிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஆரம்பிக்கலாம். 2013 முதல் வரும் ஹாஸ்ப்ரோவின் 6 அங்குல பிளாக் சீரிஸ், ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் செய்யும் ஒரு அடி உயர ஃபிகர்கள் எல்லாம் முகத்தில் தோலின் துளை வரைக்கும் காட்டும். ஆனால் பெரிய ஃபிகர்களில் செயற்கைத் தோல் உடுப்பு இருந்தால் யோசித்து வாங்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பாலியூரித்தேன் தோல் சில வருடத்தில் பழைய சோஃபா போல உரியும், எவ்வளவு கவனமாக வைத்தாலும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் கணக்கில் எடுங்கள். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, இப்போதைய வரி எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டு ஆர்டர் போடுங்கள்.

விலை. நீங்கள் பார்த்த லட்சங்கள் விற்பவர் கேட்கும் விலை. விற்று முடிந்த விலையைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும், அது பல மடங்கு குறைவாக இருக்கும். அட்டையில்லாத, விளையாடித் தேய்ந்த சாதாரண ஃபிகருக்குச் சில டாலரிலிருந்து சில பத்து டாலர் வரைதான். தலைப்புச் செய்திகளில் வருவது வேறு ரகம். போபா ஃபெட் என்ற கதாபாத்திரத்தின் ஃபிகர் 1979இல் தபால் வழிச் சலுகையாக வந்தது. முதுகிலிருந்து ராக்கெட் சுடும் என்று விளம்பரம் செய்தார்கள். அந்த நேரத்தில் வேறொரு கம்பெனியின் விண்கலப் பொம்மை ஏவிய சிறு குண்டு தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. கென்னர் சுடும் வசதியை விட்டுவிட்டு ராக்கெட்டைப் பொருத்தியே அனுப்பியது. சுடும் வகையின் சோதனை மாதிரிகள் சில மட்டும் தப்பின. அதில் கையால் வண்ணம் தீட்டிய ஒன்று 2024 ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. உங்கள் போபா ஃபெட்டின் ராக்கெட் அசையாது, அசைக்க முயலவும் வேண்டாம். அது தபாலிலும் கடையிலும் வந்த சாதாரண வகை.

முழங்கையும் முழங்காலும் மடங்குகிற, முதுகில் ஸ்குரூ உள்ள அந்தப் 14வது ஆள் ஸ்டார் வார்ஸே இல்லை. அது 1982இலிருந்து வந்த சின்ன ஜி.ஐ. ஜோ. உள்ளே ஒரு ரப்பர் வளையம்தான் உடம்பையும் காலையும் பிடித்திருக்கிறது, இத்தனை வருடத்தில் அது இற்றிருக்கும். இழுக்காமல் ஸ்குரூவைக் கழற்றி, ஓ-ரிங் எனப்படும் அந்த வளையத்தைப் புதிதாகப் போட்டால் மறுபடி நிற்பான். அதே அச்சுகளில் நம் சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஃபன்ஸ்கூலும் இந்தியாவுக்காக ஜோக்களைச் செய்தது. வண்ணங்கள் அமெரிக்கத் தயாரிப்பிலிருந்து மாறியிருக்கும், அதற்காகவே அங்கே இருப்பவர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். பின்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் ‘பன்றி மூக்குக்காரன், நீல உடை, வெள்ளி பூட்ஸ், யாரென்று தெரியவில்லை’ என்று எழுதிய ஃபிகர். அதைப் படித்ததும்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். அவன் பெயர் ஸ்னேகில்டூத். மதுக்கூடக் காட்சியில் வருகிற ஒரு வேற்றுக்கிரகவாசி. கென்னருக்குக் கிடைத்த ஃபோட்டோவில் அவன் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தான். மீதியைச் சிற்பி ஊகித்துச் செய்தார். மற்றவர்கள் உயரம், நீல உடை, கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். படத்தில் அவன் குட்டையானவன், சிவப்பு உடை. தவறு தெரிந்ததும் திருத்தி, உயரத்தைக் குறைத்து, சிவப்பில் வேறு அச்சு போட்டார்கள். நெட்டையான நீல ஸ்னேகில்டூத் 1978இல் சியர்ஸ் கடைகள் விற்ற மதுக்கூட விளையாட்டு செட்டோடு மட்டும் வந்தான். அந்த செட்டில் கூட வந்த மூவர் கிரீடோ, ஹேமர்ஹெட், வால்ரஸ் மேன். உங்கள் பட்டியலில் அந்த மூவரும் இருக்கிறார்கள். நான்கும் ஒரே பெட்டியில், ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கின்றன. யாரோ ஒருவர் அந்த செட்டை அப்படியே வாங்கி வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. சாதாரணமாக விளையாடிய நிலையிலும் அவனுக்கு நூற்றுக்கணக்கில் டாலர் கொடுப்பார்கள், அதனாலேயே நகல்களும் உலவுகின்றன. ஆகவே விற்பதா வைப்பதா என்பதை அப்புறம் பேசலாம். எதையும் கழுவாமல், அவன் காலின் பின்புறத்தை டார்ச் வெளிச்சம் சாய்வாக விழும்படி ஒரு படம், பக்கவாட்டில் அக்குளிலிருந்து இடுப்பு வரை ஓடும் கோடு தெரியும்படி இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள். அந்த செட்டின் பழைய அட்டைத் துண்டு எதுவும் பெரியப்பா வீட்டில் கிடந்ததா என்றும் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.